சந்தேகம் இருந்தால் சித்தப்பாவைக் கேட்கவும்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் சித்தப்பா என்று ஒருத்தர். யாருக்கும் அவர் சித்தப்பா இல்லை. முனைவர் பட்டத்துக்கு அவரோடு சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கி, கல்யாணம் கட்டி, பிள்ளையும் பெற்றுவிட்டார்கள். இவர் மட்டும் மூன்றாவது அத்தியாயத்திலேயே குடியிருந்தார். அதனால் வந்த பெயர்.

ஆய்வு முடியாததுகூட அவருக்குக் கவலை இல்லை. மத்தியானம் பேச ஆள் இல்லை, அதுதான் கவலை. பக்கத்து மேசை நான். எனக்குச் சாப்பிடும்போது பேசினால் எரிச்சல் வரும். புதுசாக வரும் பிள்ளைகளோ காதில் எதையாவது மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் முடங்கிவிடும்.

"ஏம்மா, இதுங்களுக்கு ஒரு கையேடு போட்டா என்ன? படிச்சிட்டு சந்தேகம் கேக்க வருவாங்க. அப்படியே ஒட்டிக்குவாங்க" என்றார்.

"முதல்ல உங்க அத்தியாயத்தை எழுதுங்க" என்றேன். கேட்கிற ஆளா?

ஆய்வுக்கு வராத அக்கறையெல்லாம் இதற்கு வந்தது. பிரிண்டரை எந்தப் பக்கம் தட்டினால் தாள் வரும், ஆபீஸ் கிளார்க் எப்போது சிரிப்பார், நெறியாளர் "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம், நூலகத்தில் எந்த நாற்காலி ஆளைக் கவிழ்க்கும் என்று ஒன்றையும் விடவில்லை மனுஷன். நாற்காலிக்குப் படம் வேறு.

கையேடு அமோகம். ஆனால் ஒரு பிள்ளைகூட அவரிடம் வரவில்லை. எல்லாம்தான் அதிலேயே இருக்கிறதே, எதற்கு வர? வராந்தாவில் ஒருத்தன் அவரை நிறுத்தி, "சூப்பர் சார், இனிமே யாரையும் தொந்தரவு பண்ண வேண்டியதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"எல்லாத்தையும் நீங்களே கொட்டிட்டா எவன் வந்து கேப்பான்?" என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அடுத்த வருஷம் புதுப் பிள்ளைகளுக்காக இரண்டாம் பதிப்பு போட்டார். புரட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். பிரிண்டரா? சித்தப்பாவைக் கேட்கவும். கிளார்க்கா? சித்தப்பாவைக் கேட்கவும். நாற்காலிப் படத்தை மட்டும் எடுக்கவில்லை, உயிர் விஷயமாம்.

மறுநாள் மத்தியானம் மாடிப்படி வரை வரிசை. சித்தப்பாவோ ஒரு கேள்விக்கு ஒரு பாடமே எடுப்பார், வரிசை எங்கே நகரும்? கால் கடுத்துப்போய்ப் பிள்ளைகள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள்.

"உனக்கு என்ன?" என்றான் உள்ளே போய்விட்டு வந்தவன்.

"பிரிண்டர்."

"இடது பக்கம் தட்டு. எனக்கு இப்பதான் உள்ள சொன்னாரு."

கிளார்க் சிரிக்கும் நேரம் இன்னொருத்திக்குத் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் வெளியே ஒரே கும்மாளம். யாருக்கும் சந்தேகமே மிச்சமில்லை. சித்தப்பா எட்டிப் பார்த்தார், முகம் தொங்கிப் போய்விட்டது. திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

அந்தப் பட்டாளம் சாப்பாட்டு டப்பாக்களோடு திபுதிபுவென்று உள்ளே வந்தது.

"எல்லாம்தான் தீர்ந்துடுச்சே, இன்னும் என்ன சந்தேகம்?" என்றார்.

"ஒண்ணும் இல்ல சித்தப்பா. கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

பேச ஆள் தேடித் தேடி அலைந்த மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்.