இரண்டு தரம் எழும்பிய கை

தலவில ஊருக்குத் தெற்கே ஒரு கரைவலைப் பாடு, கடலில் விட்ட வலையைக் கரையில் நின்று இழுக்கும் இடம். அங்கே அன்ரனிப்பிள்ளை என்று ஒருவர். சூசையின் மூத்த மகன், மாக்கிறட்டின் அண்ணன், அமல்ராஜின் மாமனார். அறுபத்திரண்டு வயது வரை எதிலும் இரண்டு மனப்படாத மனிதர். சண்டை முடிந்த நாலாம் வருஷத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று அவரைக் குழப்பிவிட்டது.

அன்று பூசை முடிந்ததும் மீனவர் சங்கக் கொட்டிலில் பன்னிரண்டு அங்கத்தவரும் கூடினார்கள். சங்கத்து வலை எல்லாருக்கும் சொந்தம். அதைச் சிலாபத்து முதலாளி ஒருவர் விலைக்குக் கேட்டிருந்தார். அவர் வாங்கினால் உழவு இயந்திரம் வலையை இழுக்கும். நாலு பேர் மாதச் சம்பளத்துக்கு நின்றால் போதும்.

"விக்காட்டி சோசலிசம், வித்தா முதலாளித்துவம்," என்றார் செயலாளர் சவிரிமுத்து, ஒரு காலத்தில் சிவப்புச் சட்டையோடு மே தின ஊர்வலம் போனவர்.

"எது நல்லது?" என்று கேட்டார் அன்ரனிப்பிள்ளை.

"அதச் சொல்லத்தான் உனக்குக் கை இருக்கு."

அன்ரனிப்பிள்ளை இரண்டையும் பார்த்தவர். அப்பா சூசை, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் வலை இழுத்தவர். பிடிபட்டதில் பாதி சம்மாட்டி ஒருவருக்கு, மற்றப் பாதி நாற்பது பேருக்கு. ஆனால் அப்பாவுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தபோது கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதே சம்மாட்டிதான். சங்கத்து வலைக்குச் சம்மாட்டி இல்லை. போன வருஷம் அதன் மடி, மீன் சேரும் பை, கிழிந்து ஒரு மாதம் கிடந்தது. எல்லாருடைய வலை என்பதால் ஒருவரும் ஊசி எடுக்கவில்லை, அவரும்தான். கடைசியில் மாக்கிறட் குந்தியிருந்து தைத்தாள்.

மாக்கிறட் புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். மடி கரை தட்டுமுன் கயிற்றில் கை வைத்தவருக்கெல்லாம் ஒரு பங்கு என்பது அந்தக் கரையின் வழக்கம். அவள் உலை கொதிப்பது அந்தப் பங்கில். இயந்திரம் வந்தால் அது போகும். ஆனால் அந்த நாலு பேரில் அமல்ராஜும் ஒருவன். மீன் படாத நாளிலும் மகள் மெரினா வீட்டில் சோறு இருக்கும்.

விற்க வேண்டாம் என்பவர்களைக் கேட்டார்கள். அன்ரனிப்பிள்ளையோடு ஆறு கை. விற்கலாம் என்பவர்களைக் கேட்டார்கள். ஏழு கை.

"பன்னிரண்டு பேருக்குப் பதிமூணு கை எப்பிடி?" என்றார் சவிரிமுத்து.

"ரெண்டு தரமும் நான்தான் தூக்கினன். ரெண்டும் சரி போல இருக்கு. ரெண்டும் பிழை போலவும் இருக்கு."

கொட்டில் சிரித்தது. அவர் கையை இரண்டு பக்கத்திலும் கழித்தார்கள். ஐந்துக்கு ஆறு. வலை விலைப்பட்டது.

இயந்திரம் இழுத்த முதல் நாள் மாக்கிறட் வழக்கம்போலக் கரைக்கு வந்து கயிற்றில் கை வைத்தாள். அண்ணனும் பக்கத்தில் போய் வைத்தார். அமல்ராஜ் இயந்திரத்தை நிறுத்தினான்.

"மாமா, கைய எடுங்க. முதலாளி ஏசுவார்."

"பங்கக் குடு, எடுக்கிறம்," என்றார் அன்ரனிப்பிள்ளை.

இருவரும் கையை எடுக்காமலே இயந்திரம் மறுபடி இழுத்தது; மடி கரை தட்டியது. அமல்ராஜ் தனக்குக் கறிக்கென்று கிடைத்த மீனில் பாதியை மாக்கிறட்டின் சேலை மடியில் போட்டுவிட்டுப் போனான்.

அன்ரனிப்பிள்ளை அதைப் பார்த்தார். "தங்கச்சி, இது எந்தக் கணக்கில சேரும்? சோசலிசமா, மற்றதா?"

"இது கறி, அண்ணே. நாளைக்கும் வருவன் எண்டு உங்கட மருமகனுக்குச் சொல்லுங்க."

சொல்வதா, வேண்டாமா என்று அவர் வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே போனார்.