என் இமை முடியும் மருமகளின் சீரமும்

எங்கள் ஊர் வடமதுரை. பேத்தி கல்யாணத்துக்கு போட்டோவில் நிற்க வேண்டுமே, இமையில் முடியே இல்லையே என்று புலம்பினேன். மருமகள் மல்லிகா, தான் பூச வாங்கியிருந்த இமை முடி வளர்க்கும் சீரத்தை நீட்டினாள்.

"நீங்களும் தடவுங்க அத்தை. கல்யாணப் பொண்ணு யாருன்னு மாப்பிள்ளை குழம்பட்டும்."

மறுநாள் திண்டுக்கல்லில் கண் டாக்டரைப் பார்க்கும் நாள்; துணைக்கு மல்லிகாவும் வந்தாள். எனக்குக் கண் அழுத்த நோய். ஒரு கண்ணில் பாதிப் பார்வை போய்விட்டது. மீதியைக் காப்பது தினமும் விடும் சொட்டு மருந்துதான்.

"இன்னைக்கே நல்லாப் பாத்துக்கம்மா. அடுத்த தடவை இமையெல்லாம் வளந்து சினிமாக்காரி மாதிரி வாரேன்" என்றேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. சீரத்தைப் பற்றி விசாரித்து, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று மல்லிகாவின் போனில் படித்தார்.

"பாட்டி, உங்க சொட்டு மருந்து வகையைச் சேந்த மருந்துதான் இதுலயும் இருக்கு. ரெண்டும் சேந்தா மருந்து சரியா வேலை செய்யாம, அழுத்தம் ஏறி இருக்குற பார்வையும் போயிரலாம். அந்தச் சொட்டு மருந்துக்கே இமை முடி வளரும். உங்களுக்கு வளந்துதான இருக்கு?"

கைக்கண்ணாடி கொடுத்தார். கன்றுக்குட்டி இமை மாதிரி நீளமாக இருந்தது! முகச் சுருக்கத்துக்குப் பயந்து, வீட்டில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டே முகம் பார்ப்பவள் நான்.

"இம்புட்டு முடிய வச்சுக்கிட்டா அத்தை அழுதீங்க?" என்றாள் மல்லிகா. அவளும் அந்த மருந்து கலக்காத சீரத்தை டாக்டரம்மாவிடம் கேட்டே வாங்கினாள்.

இப்போது மையானாலும் டாக்டரம்மாவிடம் கேட்காமல் கண் பக்கம் கொண்டுபோவதில்லை. பேத்தி கழுத்தில் தாலி ஏறியதை, மூக்குக்கண்ணாடியோடு முன்வரிசையில் இருந்து பார்த்தேன். எல்லாம் டாக்டரம்மா புண்ணியம். என் வாயாடி வாய்க்கும் அதில் கொஞ்சம் பங்குண்டு.