வெந்நீரில் போடக்கூடாத சட்டை

துணியக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. மல்யுத்தக் குழுவின் வேனில் ஏறிய பிறகு அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, அவளும் அதைத் தேடவில்லை. ஊர் ஊராகப் போய்ச் சண்டை காட்டும் குழு அது. அடிப்பது, விழுவது, பல்லைக் கடிப்பது எல்லாம் முன்கூட்டியே பேசிவைத்த பொய். அந்தக் கூட்டத்தில் நிஜமாகவே கை வலிக்க உழைத்தவள் அவள் ஒருத்திதான்.

மேடையில் அவள் தம்பிதான் நல்லவன். அதனால் அவனுக்கு மேலிருந்து கீழ்வரை வெள்ளை உடுப்பு. வெள்ளையில்தான் ரத்தம் எடுப்பாகத் தெரியும் என்பது முதலாளியின் கண்டுபிடிப்பு. துவைக்கிறவள் கதி என்ன என்று மகானுபாவர் யோசித்ததில்லை. ரத்தமும் பொய்தான். சர்க்கரைப்பாகில் சாயப்பொடி கலந்து சின்ன உறையில் அடைத்துக் கொடுப்பார்கள். தம்பி சமயம் பார்த்து அதைக் கடித்துத் துப்புவான், ஜனம் அலறும்.

சாயம் வெந்நீரில் போய்விடும். நிஜ ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான் வேண்டும். சூடு பட்டால் அது வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். இதெல்லாம் துணியக்காவுக்கு அத்துப்படி. ஓடுகிற வேனில், ஜன்னல் கண்ணாடி இடுக்கில் சட்டையைக் கவ்வவிட்டுக் காயவைப்பாள். கால்சட்டையை லாட்ஜ் மெத்தைக்கு அடியில் விரித்து அதன் மேல் புரளாமல் தூங்குவாள்; காலையில் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். முதலாளியின் ஒரே நல்ல வெள்ளைச் சட்டைக்கும் இதே மரியாதை நடக்கும்.

அன்று காலை வேன் கிளம்புவதற்கு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவசரத்தில் தம்பியின் சட்டையை வெந்நீர் வாளியில் முக்கினாள். கொஞ்சம் சிவப்பு கரைந்தது. மீதி பழுப்பேறி, போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. தேய்த்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

வேனில் தம்பியின் இடப்பக்கம் உட்கார்ந்து கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. தோளைத் தொட்டாள்.

"எவ்வளவு நாளாடா உன்னை நிஜமா அடிக்கிறான்?"

"கை தவறிப் பட்டுடுச்சுக்கா."

"தவறினா ஒரு தடவை தவறும். பனியனைத் தூக்கு."

விலாவெல்லாம் கன்றிக் கறுத்திருந்தது. கெட்டவன் வேஷம் கட்டும், உலக்கை என்று பட்டப்பெயர் கொண்டவனின் கைவரிசை அது. கூட்டம் குறைகிறது, நிஜமாகவே போடு என்று முதலாளி அவனிடம் சொல்லியிருக்கிறார். ஒரு குத்து இடது காதில் விழுந்ததிலிருந்து அந்தப் பக்கம் வெறும் இரைச்சல்தான் என்றான் தம்பி. வேலை போய்விடுமே என்று மூச்சு விடாமல் இருந்திருக்கிறான்.

சட்டையை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனாள்.

"இது நிஜ ரத்தம் முதலாளி."

"தெரியும்மா. கறையப் போக்கறதுதான் உன் வேலை. அதைப் பாரு."

"இன்னொரு அடி காதுல விழுந்தா அவன் கதி என்ன?"

"அதான் இன்னொரு காது இருக்கே."

போகாதே என்று தம்பியிடம் கெஞ்சிப் பார்த்தாள். போஸ்டர் ஒட்டியாகிவிட்டது, இன்று ஒரு நாள் மட்டும் என்றான்.

சாயங்காலம் அவள் ஈரத் துண்டுகளோடு மேடையை ஒட்டி நின்றாள். பிடி இறுகினால் எதிராளியின் முதுகில் தட்ட வேண்டும், அவன் விட்டுவிட வேண்டும். இது எல்லாருக்கும் பொதுவான சங்கேதம். உலக்கை கழுத்தைப் பிடித்தான். தம்பி தட்டினான். விடவில்லை. மறுபடி தட்டினான். உலக்கை ஒரு கையால் கழுத்தை நெரித்தபடி மறு கையால் நல்ல காதைப் பார்த்து ஓங்கினான். தட்டிய கை துவண்டு விழுந்தது.

துணியக்கா தடித்த துண்டு ஒன்றை வாளியில் முக்கி, கயிறாக முறுக்கிக்கொண்டு மேலே ஏறினாள். ஒருவனைத் துவைத்து எடுத்தாள் என்று பேச்சுக்குச் சொல்வார்கள். இவள் அதைத்தான் செய்தாள். கல்லில் துணியை அறைகிற அதே வீச்சு, தோளுக்கு மேலே தூக்கி ஒரே இறக்கு. முதல் அடி பிடரியில் விழுந்தது, பிடி விட்டுப்போனது. அடுத்தது வாயில். பல் ஒன்று பலகையில் உருண்டது. எழப் பார்த்தவனை முழங்கையில் போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் முன்வரிசைக்கே கேட்டது. "நிறுத்தும்மா" என்று முதலாளி ஓடிவந்தார். அவருக்கு மூக்கில் விழுந்தது. வெள்ளைச் சட்டை மார்பு முழுக்க ரத்தம். ஜனம் விசிலடித்தது. நடிப்பென்றால் இதல்லவா நடிப்பு என்று எழுந்து நின்று கை தட்டியது. அவளுக்கோ வெறி அடங்கவே இல்லை, தம்பி காலைப் பிடித்து நிறுத்தும்வரை வெளுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அக்காவும் தம்பியும் பையோடு லாட்ஜ் வாசலில் நின்றார்கள். முதலாளி மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு, சட்டையைக் கையில் ஏந்தி வந்தார். அடுத்த ஊரில் பெரிய மனிதர்களைப் பார்க்க வேண்டும், அவருக்கு வேறு நல்ல சட்டை கிடையாது.

"போறதுதான் போறே. இந்தக் கறை எதுல போகும்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

துணியக்கா சட்டையைத் தூக்கிப் பிடித்துக் கவனமாகப் பார்த்தாள்.

"நல்லாக் கொதிக்கிற தண்ணியில முக்குங்க முதலாளி. ரொம்ப நேரம் ஊறட்டும்."

தெருவில் இறங்கியதும், இடப்பக்கம் நடந்துவந்த அக்காவைப் பார்த்துத் தம்பி கேட்டான்.

"அவர்கிட்ட என்னக்கா சொன்னே?"

அவள் சுற்றிக்கொண்டு அவனுடைய வலப்பக்கம் வந்து, சொன்னதைத் திரும்பச் சொன்னாள். விலாவைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தான். அதற்குப் பிறகு துணியக்கா அவனோடு எங்கே போனாலும் அந்தப் பக்கமாகவே நடந்தாள்.