சுறாவுக்கு அடியில்

எனக்குக் கோபம் மூக்குநுனியில்தான், இன்றைக்கும். நாற்பத்திரண்டில் பர்மாவிலிருந்து நடந்தே வந்து நொச்சிக்குப்பத்தில் அத்தை வீட்டில் ஒண்டியபோது, எனக்கென்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். ஜப்பான்காரன் படை நுழைந்ததும் அங்கே உள்ளூர்க் கலகக்காரர்கள் தமிழ் பேசின வாயையெல்லாம் தேடித் தேடி வெட்டினார்கள். என் புருஷன் போனார், மாமியார் போனார், எங்கள் தெருவே போயிற்று. எங்களை அம்போவென்று விட்டுவிட்டு வெள்ளைக்காரன் மட்டும் கப்பலேறினான்.

அத்தைக்காக மீன் விற்றுக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரனை விரட்ட மயிலாப்பூரில் ஒரு கல்லூரி மாணவர் ரகசியமாக ஆள் சேர்க்கிறார் என்று தெரிந்ததும் நானே போய் நின்றேன். கடற்கரை ரோட்டுப் போலீஸ் சாவடிக்குக் குண்டு வைப்பது என்று முடிவாயிற்று. மீன் கூடையை எந்தப் போலீஸ்காரன் கிளறுவான்? அடியில் தகர டப்பா, மேலே மீன். சுவரோரம் கூடையை வைத்துவிட்டு நான் நகர வேண்டும். பின்னால் வரும் மாணவர் திரியைக் கொளுத்துவார்.  எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, மறைப்பானேன்.

விடிந்ததும் போய்க் கூடையை இறக்கினேன். சாவடிக்குள்ளிருந்து வயதான கான்ஸ்டபிள் ஒருவர் வந்துவிட்டார்.

"இன்னாம்மே, பால்சுறா கீதா? எம் பொண்ணு புள்ள பெத்துக்கீது. பால் ஊறல."

காலையில் முதலில் கேட்கிறவரை இல்லையென்று அனுப்பக்கூடாது. போணி என்றால் போணிதான். குண்டு வைக்க வந்தவளுக்குப் போணி என்ன வேண்டிக்கிடக்கிறது? ஆனாலும் பழகின கை தானாகச் சுறாவை எடுத்துக் கொடுத்தது. அவர் தந்த காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அப்போதுதான் பகீரென்றது. ரங்கூனில் நாங்கள் இட்லிக் கடை வைத்திருந்தோம். என் புருஷனை வெட்டியவன், தினமும் எங்கள் கடையில் போணி செய்தவன். சிரித்துப் பேசி வாங்கித் தின்றவன். ஐயோ, இன்றைக்கு அவன் இடத்தில் நான் நிற்கிறேனே!

கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு விறுவிறுவென்று கடலுக்குள் இறங்கினேன். டப்பாவிலிருந்த வெடிமருந்தையெல்லாம் அலையில் கொட்டினேன்.

மாணவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "பயந்துண்டு எல்லாத்தையும் பாழாக்கிட்டியே!"

"பயமா? எனக்கா? பொணத்தைத் தாண்டித் தாண்டி நடந்து வந்தவ நானு. இந்தப் போலீஸ்காரங்க செத்தா இவுங்க பொண்டாட்டி புள்ளைங்கதான் அழுவும். வெள்ளைக்காரனுக்கு இன்னா போச்சு? அவன் தந்திக் கம்பியை நம்பிக்கினு ஆள்றான். அத்த அறுக்கலாம் வா, மொத ஆளா நான் வர்றேன்."

அவர் முகம் சிவந்துபோய் நின்றார். பிறகு குனிந்து கூடைக்குள் பார்த்து, "கூடைல கம்பி வெட்டற கத்திரி அடங்குமோ?" என்றார்.

அடங்கியது. அடுத்த வாரம் ஒரு மழைநாள் காலையில் அடையாற்றுப் பக்கம் தந்திக் கம்பிகள் அறுந்து தொங்கின. ஒரு உயிருக்கும் சேதமில்லை. துரைமார் சைக்கிளில் ஆள் அனுப்பிச் சேதி சொல்லிக்கொண்டார்களாம். குப்பமே விழுந்து விழுந்து சிரித்தது.

அன்றைக்குக் கத்திரியைச் சுறாவுக்கு அடியில் வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே சாவடி வழியாகத் திரும்பினேன். அதே கான்ஸ்டபிள் கைதட்டிக் கூப்பிட்டார்.

"சுறா கீதாம்மே? அன்னிக்குத் துன்னதுல நல்லா பால் ஊறிச்சு. பேரன் கொழுகொழுன்னு கீறான்!"

"கீது நைனா. உன் போணிதான்."

காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இந்தத் தடவை கண் கூசவில்லை.