ஸ்கேனில் தெரியாத பயம்

டிரைவிங் ஸ்கூலில் எல்லோரும் அவரை ‘மிஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்து நடுங்கும்போது, பக்கத்து சீட்டில், தன் பக்கத்து பிரேக்மேல் காலை வைத்தபடி ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பார். “லாரிக்காரனுக்கும் உயிர்மேல ஆசை இருக்கும்மா. தைரியமா போ” என்பார்.

ஒருநாள் காலையில் ஸ்கூலைத் திறக்கும்போது ஸ்பிரிங் அறுந்து ஷட்டர் அவர் தலையில் இறங்கியது. கொஞ்ச நேரம் நினைவில்லை. தையல் போட்டு, ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

ஷட்டருக்குப் பயந்திருந்தால் அவருக்கே புரிந்திருக்கும். ஆனால் சைக்கிள் மணிக்குக்கூடத் தூக்கிவாரிப் போட்டது. மிக்ஸி ஓடினால் வியர்த்துக் கொட்டியது. அடுப்பை அணைத்தோமா என்று வாசல்வரை போய்த் திரும்புவார். பார்த்த பிறகும் மனசு ஆறாது. வேலைக்குத் திரும்பிய கொஞ்ச நாளில், முன்னால் ஈ காக்கை இல்லாத சாலையில், கற்றுக்கொள்ள வந்த ஒரு பெண் நன்றாக ஓட்டிக்கொண்டிருந்த காரைத் திடீரென்று பிரேக் மிதித்து நிறுத்தினார். பின்னால் வந்த ஸ்கூட்டர் இடித்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

“என்னாச்சு மிஸ்? யாராவது குறுக்க வந்தாங்களா?”

யாரும் வரவில்லை. வரப்போகிறார்கள் என்று அவர் உடம்பு நம்பிவிட்டிருந்தது.

லீவு போட்டார். “ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்கல்ல? நீயா எதையாவது போட்டுக் குழப்பிக்காத” என்றார் கணவர். அதிலிருந்து பயத்தை வீட்டிலும் மறைக்க ஆரம்பித்தார்.

ஒரு சாயங்காலம் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பினார். தெருமுனையில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். யாரோ வீட்டுச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டார். கால் எழவில்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பள்ளியிலிருந்து தகவல் போய், கணவர் மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பும்போதும் அவர் அங்கேயேதான் இருந்தார்.

“ஏங்க, எனக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சா?”

கணவர் அந்த மண்ணிலேயே பக்கத்தில் உட்கார்ந்தார்.

இந்த முறை நரம்பு டாக்டரிடம் போனார்கள். “ஸ்கேன்ல எல்லாமே தெரிஞ்சிடாதும்மா. மூளையில பயத்தைக் கிளப்புற இடம் ஒண்ணு, அதை அடக்குற இடம் இன்னொண்ணு. அடிபட்டா ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தொடர்பு கெடலாம். நீங்க கோழையாகல. இது காயம்.”

அவர் வாய்விட்டு அழுதார். பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்ட கணவர், “நான்தான் புரிஞ்சுக்கல” என்றார்.

சிகிச்சை ஆமை வேகத்தில் நடந்தது. முதலில் நிற்கும் காரில், மூச்சு சீராகும்வரை சும்மா உட்கார வேண்டும். பிறகு எஞ்சினைப் போட்டு உட்கார வேண்டும். பிறகு கணவர் தெருவைச் சுற்றி ஓட்டினார். “நடந்து போறவங்களே நம்மள ஓவர்டேக் பண்றாங்க” என்று கணவர் சொன்னபோது, பல மாதம் கழித்து மிஸ் சிரித்தார். மறுநாளே பழையபடி வாசலைத் தாண்ட முடியாமல் நின்றார்.

இப்போது அதே ஸ்கூலில், வகுப்பறையில், சாலை விதிகள் சொல்லிக்கொடுக்கிறார். பயிற்சிக் காரில் ஏறுவதில்லை. ஆனால் போன வாரம் மகளைக் கூட்டிவரத் தானே காரை எடுத்துப் போனார். திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது இடது கால் நடுங்கியது. பின்னால் ஹாரன்கள் அலறின.

“அம்மா, பச்சை விழுந்தாச்சு.”

“தெரியுதுடி. இரு.”

வலமும் இடமும் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். பிறகு மெல்ல கிளட்சை விட்டார்.