நர்ஸுக்காக அலமாரியில் வைத்தது

தி.நகர் உஸ்மான் ரோட்டை ஒட்டிய சந்தில் இனாயத் பாய் நடத்திய வீடியோ கேம் கடையில், நின்றுகொண்டே ஆடிய ஒரே ஆள் வைரவன் அண்ணன்தான். ஸ்டூல் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். பக்கத்துத் துணிக்கடையில் பூனம் சேலை செக்‌ஷனில் சேல்ஸ்மேன். அங்கே கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை உட்காரக் கூடாது. கால் அப்படியே பழகிவிட்டது. ஊர் சிவகங்கைப் பக்கம். இங்கே திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் அறை. அவருக்கு லீவு செவ்வாய்க்கிழமை. அன்று மத்தியானம், இஸ்திரி போட்ட சட்டையில், கல்யாணத்துக்கு வருகிறவர் மாதிரி வருவார்.

நான் அப்போது டென்த்தில் கணக்குப் பாடத்தோடு மனஸ்தாபம் ஏற்பட்டு, பள்ளிக்கூடத்தை விட்டு விலகியிருந்தேன். வீடு கோட்டூர்புரத்தில் என்று பெயர். கிடந்தது பாய் கடையில்.

அண்ணன் ஆடியது ஒரு பேய் கேம். ஓர் ஆஸ்பத்திரியில் செத்தவர்கள் எழுந்து நடமாடுகிறார்கள். மொத்தம் இரண்டு சிடி. முதல் சிடியில் நீங்கள் இன்ஸ்பெக்டர். பிணங்கள் கும்பலாக வரும். ஆனால் அவசரமே இல்லாமல், ரேஷன் கடை க்யூ நகர்வது மாதிரி. தோட்டாவுக்குப் பஞ்சமில்லை, சுட்டுக்கொண்டே போகலாம். இரண்டாவது சிடியில் நீங்கள் நர்ஸ். அதே ஆஸ்பத்திரி, அதே வராந்தா, கும்பல் மட்டும் கிடையாது. கூரையில் ஒட்டிக்கொண்டு ஒன்றே ஒன்று வரும். அதற்குக் கண் தெரியாது, காது பயங்கரக் கூர்மை. ஓடினால் தொலைந்தோம். துப்பாக்கியும் இல்லை. சத்தமில்லாமல் நடந்து, கதவைச் சாத்தி, அடிபட்டால் மருந்து போட்டுக்கொண்டு பிழைக்க வேண்டும். அந்த மருந்து அவள் பங்கில் கிடைக்காது. இன்ஸ்பெக்டர் தன் பங்கில் மிச்சம் பிடித்து மருந்தறை அலமாரியில் எதை வைத்துவிட்டுப் போகிறாரோ, அதுதான் அவளுக்கு.

எங்கள் செட்டில் எவனும் எதையும் வைத்ததில்லை. எல்லாவற்றையும் இன்ஸ்பெக்டருக்கே தீர்த்துவிட்டு, நர்ஸை முதல் வராந்தாவிலேயே சாகவிட்டு, கிரிக்கெட் சிடிக்கு மாறிவிடுவோம்.

வைரவன் அண்ணனுக்கு நர்ஸ் உயிரோடு ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்ட வேண்டும். அது ஒன்றுதான். சண்டைக்குப் போனால் அடிபட்டு மருந்து செலவாகும் என்று, பிணங்களைச் சுடாமல் ஓரமாக ஒதுங்கிப் போவார். மருந்து கிடைத்தால், தான் சாகக் கிடந்தாலும் போட்டுக்கொள்ளாமல், நொண்டிக்கொண்டே போய் அலமாரியில் வைப்பார்.

"அண்ணே, இன்னா அந்த நர்ஸு, உங்க மாமன் பொண்ணா?" என்றேன்.

"தனியா வரப்போற புள்ளை தம்பி."

"அதுக்குள்ள இன்ஸ்பெக்டர் செத்துப் பூடுவாரே."

"அவனுக்கென்ன, கூட்டத்துல கெடக்கான். எங்க கடையில முகூர்த்த நாள்ல பாரு, முந்நூறு பேரு மேல வந்து விழுவாக. பயமே இருக்காது. ரூமுக்குப் போயிக் கதவைத் தெறந்தா ஒரு சத்தமும் இருக்காது பாரு, அப்பத்தான்…"

பாதியில் நிறுத்திவிட்டுத் திரையில் அடுத்த கதவைத் திறந்தார்.

தீபாவளி நெருங்கியதும் துணிக்கடையில் லீவெல்லாம் ரத்து. செவ்வாய்க்கிழமைகளில் அண்ணன் வரவில்லை. ஆபத்து என்னவென்றால், கடைக்கே ஒரு மெமரி கார்டுதான். எல்லோருடைய ஆட்டமும் அதில்தான் பதிவாகி நிற்கும். இடம் போதாது. அதனால் பாய் ஒரு சட்டம் வைத்திருந்தார்: ஒரு வாரமாக யாரும் தொடாத ஆட்டத்தை, இடம் வேண்டியவன் அழித்துக்கொள்ளலாம்.

எங்கள் செட்டில் டில்லிபாபுதான் ஆரம்பித்தான். "பாய், அந்தப் பொடவைக்காரரு ஆளையே காணோம். அவரு ஆட்டம் சும்மா தூங்கிக்கினு கீது. தூக்கிட்டு என் கிரிக்கெட்டைப் போட்டுக்கவா?"

"ஒரு வாரம் ஆச்சுன்னா தூக்கு நைனா."

"இன்னும் ஆவலை," என்றேன். "அத்த நான் ஆடிக்கினு கீறேன்."

"நீயா? நர்ஸுக்கு மருந்து வெக்கப் போறியா?"

"இன்ஸ்பெக்டர்டா. டூட்டில கீறேன், சல்யூட் அடி."

சும்மா திறந்து, திரும்பப் பதிவு செய்தாலே போதும். முதல் நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டேன். கட்டுத்துணி ஒரு வரிசை, மாத்திரை ஒரு வரிசை, ஊசி ஒரு வரிசை. சேலை அடுக்குகிற கை. அதைப் பார்த்த பிறகு அவர் சேர்த்த தோட்டாவைச் சுட மனசு வரவில்லை. இடுப்பில் துப்பாக்கி இருக்க, கத்தியால் குத்திக்கொண்டு திரிந்தேன். கடையே சிரித்தது. எத்தனை முறை செத்தேனோ. கடைசியில் ஒரு நாள், எக்ஸ்ரே அறை மூலையில் ஒரு பச்சை பாட்டில் மருந்து கிடைத்தது. காலை இழுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைத்துப் பதிவு செய்தேன்.

தீபாவளி முடிந்து, மழை பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணன் வந்தார். குடையை மூலையில் சாய்த்தார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

தன் ஆட்டத்தைப் போட்டு அலமாரியைத் திறந்தார்.

"தம்பி, இந்தப் பச்சை பாட்டிலு நான் வச்சதில்லையே."

"பேய் வச்சிருக்கும்ணே. ஆஸ்பத்திரி ஃபுல்லா அதுங்கதானே கீதுங்கோ."

என்னை ஒரு முறை பார்த்தார். இன்ஸ்பெக்டரை முடித்துவிட்டு இரண்டாவது சிடியைப் போட்டார்.

அந்த மத்தியானம் முழுக்க நர்ஸ் நடந்தாள். கூரையில் இருந்தது இரண்டு முறை இறங்கி அவளைக் கிழித்தது. கட்டுத்துணி தீர்ந்தது, மாத்திரை தீர்ந்தது, ஊசியும் தீர்ந்தது. பச்சை பாட்டிலை மட்டும் தொடவே இல்லை. நொண்டிக்கொண்டு கேட் வரைக்கும் வந்துவிட்டாள். அங்கே வாட்ச்மேன் அறையில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. அண்ணன் அதைத் திறந்து, பச்சை பாட்டிலை உள்ளே வைத்து மூடினார். அப்புறம்தான் அவளை வெளியே அனுப்பினார்.

"அண்ணே, அவளுக்கு அப்புறம் யாரும் வர மாட்டாங்க. ஆட்டமே அத்தோட க்ளோஸ்."

"தெரியும். இருக்கட்டுமே."

ஆட்டத்தைப் பதிவு செய்தார். குடையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கி, பஸ் ஸ்டாண்டு பக்கம் போனார்.

"முடிஞ்சிடுச்சில்ல," என்றான் டில்லிபாபு. "தூக்கிடட்டா?"

"ஒரு வாரம் ஆவட்டும்," என்றேன்.