வெரேனினுக்காக ஆடிய ஐம்பது மூவ்

ஜெர்லினிடம் குத்துமதிப்பாகப் பேசிவிட்டு யாரும் தப்ப முடியாது. மரக்காணம் உப்பளத்தில் பாத்தித் தண்ணீரில் மீட்டரை விட்டு, உப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. நாக்கில் தொட்டே கண்டுபிடித்துவிடுவேன் என்று வரும் மேஸ்திரியை, "முதல்ல மீட்டரைப் பாருங்க, அப்புறம் பேசுங்க" என்று திருப்பி அனுப்புவாள். வயது முப்பத்தொன்று. பள்ளியில் படிக்கும்போது மாவட்டப் போட்டி வரை செஸ் ஆடியவள். அதற்கு மேல் ஊர் ஊராகக் கூட்டிப்போக வீட்டில் ஆளில்லை. ஆட்டத்திறனைக் காட்டும் ரேட்டிங் என்று ஓர் எண் அவள் பெயருக்கு எதிரே ஏறவே இல்லை. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

2005-இல் மழை கொட்டித் தீர்த்தது. உப்பளம் முழுக்க வெள்ளம், வேலை கிடையாது. மதியமானால் ஜெர்லின் பஸ் ஸ்டாண்டு பக்கம் பஷீர் அஹமதுவின் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்துவிடுவாள். சென்னைக்காரர்கள் நடத்திய ஒரு செஸ் தளத்தில் அப்போது ஒரே ரகளை. வெரேனின் என்ற வெளிநாட்டுக் கிராண்ட்மாஸ்டர் இரண்டு வருஷம் நோயில் கிடந்து எழுந்து வந்து, வரிசையாக நாலு ஆட்டம் தோற்றிருந்தார். அவர் எப்போதுமே டம்மிதான், ரேட்டிங் எல்லாம் சும்மா ஊதிவிட்டது என்று ஆளாளுக்கு எழுதினார்கள். பள்ளி நாட்களில் அவருடைய ஆட்டங்களை நோட்டில் எழுதி வைத்துப் படித்தவள் சும்மா இருப்பாளா?

"மழை பேஞ்ச மறுநாள் பாத்தியில மேலாக்க மொண்டு பார்த்தா நல்ல தண்ணியாட்டம்தான் காட்டும். கனமான உப்புத் தண்ணி அடியில நிக்குது. நாலு ஆட்டத்தை வச்சு ஆளை எடை போடாதீங்க" என்று எழுதினாள்.

சென்னைகிங் என்ற பெயரில் எழுதும் ஒருவன் உடனே கேட்டான்: "மேடம், உங்க ரேட்டிங் என்ன? எனக்கு 2100."

"எனக்கு ரேட்டிங் இல்ல."

"அப்ப நீங்க உப்பைப் பத்திப் பேசுங்க. கிராண்ட்மாஸ்டரைப் பத்தி நாங்க பேசிக்கிறோம்."

கீழே எட்டுப் பேர் சிரித்து வைத்தார்கள். ஜெர்லினுக்குக் காது மடல் சுட்டது. வெரேனின் தோற்ற நாலாவது ஆட்டத்தை எடுத்தாள். எதிராளியிடம் ராணி இருந்தது, இவரிடம் ஒரு யானையும் சிப்பாயும்தான். போதும் என்று அவர் தோல்வியை ஒத்துக்கொண்டு கைகொடுத்து எழுந்துவிட்ட இடம் அது.

"இது தோல்வியே இல்ல. அவரு இடத்துல நான் உக்கார்றேன், எதிர்ல நீங்க வாங்க. செஸ் ஆடற உங்க கம்ப்யூட்டரையும் பக்கத்துல வச்சுக்குங்க" என்று அடித்தாள்.

ராணி வைத்திருக்கும் வெள்ளைக்கு வெற்றி நிச்சயம் என்று கம்ப்யூட்டரே சொல்வதாகச் சொல்லிக்கொண்டு அவன் வந்தான். ஜெர்லின் ராஜாவை மூலையில் பதுக்கி, சிப்பாயின் காவலில் யானையை இரண்டே கட்டங்களுக்குள் முன்னும் பின்னும் நகர்த்தினாள். எந்தக் காயும் வெட்டுப்படாமல், சிப்பாயும் நகராமல் ஐம்பது மூவ் கடந்தால் டிரா. தினமும் எட்டு ஒன்பது மூவ், ஆறு மதியம். ராணி எல்லாப் பக்கமும் வந்து முட்டியது. கரண்ட் போனபோதெல்லாம் பஷீர் அஹமது ஜெனரேட்டரைப் போட்டார்.

"ஏம்மா, அந்த வெள்ளைக்காரன் உனக்கு மாமனா மச்சானா? அவனுக்காக இப்டி மல்லுக்கு நிக்கறே?"

"அவருக்காக மட்டும் இல்ல பாய்."

ஆறாவது நாள் ஐம்பதாவது மூவும் முடிந்தது. சென்னைகிங் எழுதினான்: "டிராதான், ஒத்துக்கறேன். ஆனா ரேட்டிங்கே இல்லாத உங்களுக்குத் தெரிஞ்சது கிராண்ட்மாஸ்டருக்குத் தெரியலையே. அவரு வீக்குன்னு நீங்களே நிரூபிச்சிட்டீங்க மேடம்."

மறுபடியும் எட்டுப் பேர் சிரித்தார்கள். யாரைக் காப்பாற்ற ஆடினாளோ அவரையே கவிழ்த்துவிட்டாள். அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் எழுதியதை இன்னொரு தடவை படித்தாள். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து தட்டத் தொடங்கினாள்.

"சரி, அன்னிக்கு அவரு வீக்குதான். நீங்க 2100, கூட கம்ப்யூட்டர் வேற. ரெண்டு பேரும் சேர்ந்து ஐம்பது மூவ் முட்டினீங்க, என்னை அசைக்க முடியல. அப்ப நான் எவ்ளோ ஸ்ட்ராங்கு? அதைச் சொல்லிட்டுப் போங்க."

அரை மணி நேரம் சென்னைகிங்கின் பதிலுக்காக அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தாள்.

"கெளம்பலையாம்மா?" என்றார் பஷீர் அஹமது.

"அவன் சொல்லட்டும் பாய்" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.